கேளுங்கள் டாக்டர்: ஜி.ஐ. பைப்பும் ராத்திரிக் காய்ச்சலும்

என் கணவருக்கு 41 வயது. கேட், கிரில் செய்யும் பட்டறையில் சின்ன வயதிலிருந்தே வெல்டிங் வேலை. ஜி.ஐ. பைப் வேலை வந்தால் அன்று ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கிறது. காசை வாயில் போட்ட மாதிரி இருக்கிறது என்கிறார். மறுநாள் சரியாகிவிடுகிறது. பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்கிறார்கள் பட்டறையில். போன மாதம் எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரலில் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம், டி.பி.யாக இருக்கலாம் என்றார்கள். சளிப் பரிசோதனையில் டி.பி. கிருமி இல்லை. பயமாக இருக்கிறது டாக்டர்.
- வாசகி, துவாக்குடி

முதலில் காய்ச்சலைப் பார்ப்போம். ஜி.ஐ. பைப்பின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். 907 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் நெருப்பின் சூடு அதைவிடப் பல மடங்கு. அந்த ஆவி காற்றில் பட்டதும் வெள்ளைப் புகையாகிறது. அதை இழுத்தவருக்கு நாலு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரத்துக்குள் காய்ச்சல், நடுக்கம், உடம்புவலி, வாயில் உலோக ருசி எல்லாம் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். வாரம் முழுக்க அதே வேலை செய்தால் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும், ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் போனால் மறுபடி அடிக்கும். 'திங்கள் காய்ச்சல்' என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் குடிக்கட்டும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதை மருந்தாக நம்பி மாஸ்க் போடாமல் இருப்பது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்.

ஒரு எச்சரிக்கை. மறுநாள் காய்ச்சல் விடாமல் இருமலும் மூச்சுத்திணறலும் ஏறினால் அது துத்தநாகக் காய்ச்சல் இல்லை என்று நினைத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காட்மியம் என்ற உலோகம் பூசிய போல்ட்டு, காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றுக்கம்பி இவற்றைச் சூடாக்கும்போது வரும் புகையும் முதலில் இதே போலத்தான் ஆரம்பிக்கும். அது ஆளையே கொல்லும். பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த திரவத்தால் துடைத்த இரும்பைக் காயவிடாமல் வெல்டிங் அடிப்பதும் அப்படித்தான்; பாஸ்ஜீன் என்ற விஷவாயு கிளம்பும்.

இனி எக்ஸ்ரே. வெல்டிங் வேலைக்காரர்களின் நுரையீரலில் இரும்புத் தூசி படிந்து புள்ளிகளாகத் தெரிவது 1930-களிலிருந்தே மருத்துவர்களுக்குத் தெரியும். சிடரோசிஸ் என்போம். பார்க்க டி.பி. மாதிரியே இருக்கும். அந்தப் படிவு மட்டும் இருந்தால் பெரும்பாலும் மூச்சைப் பெரிதாகக் கெடுக்காது, வேலையை விட்டால் மெல்ல மங்குவதும் உண்டு. என்னிடம் வருகிறவர்களின் எக்ஸ்ரேக்கு முன்னால் நான் கையைத்தான் பார்ப்பேன்: முழங்கைக்குக் கீழே தீப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள் இருந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். உங்கள் கணவரிடம் என்ன வேலை என்று அங்கே கேட்டார்களா? நீங்களே சொல்லுங்கள்: என்ன இரும்பு, என்ன ராடு, எத்தனை வருடம், பீடி உண்டா. நெஞ்சு மருத்துவரிடம் காட்டி, ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்து, டி.பி. இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு சளிப் பரிசோதனையோடு விட வேண்டாம்.

புள்ளிகளைவிட எனக்குக் கவலை, காய்ச்சலும் காட்டாமல் சேரும் பாதிப்புதான். நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா. வெல்டர்களுக்கு நிமோனியாவும் மற்றவர்களைவிட அதிகம். பிரிட்டனில் அதற்குத் தடுப்பூசியே பரிந்துரைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. பீடி பிடிப்பவருக்கு இதெல்லாம் இரட்டிப்புச் சுமை.

முகத்தில் சுற்றும் துண்டு இந்தப் புகையைத் தடுக்காது. துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஷீல்டுக்கு அடியில் முகத்தோடு ஒட்டும் என்95 மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் இடுக்கில் புகை போகும். ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் அடிக்கும் இடத்தில் மட்டும் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிடட்டும் (அப்போதும் மாஸ்க் வேண்டும்). தலையைப் புகைக்கு மேலே நீட்டக் கூடாது, காற்று பக்கவாட்டில் வர வேண்டும்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரெய்லிங் பட்டறை வைத்திருக்கிறேன். கூரையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறேன். போதுமா?
- வாசகர், ராஜபாளையம்

போதாது. புகை கூரைக்குப் போகும் வழியில் வேலைக்காரரின் மூக்கைத் தாண்டித்தான் போகிறது. எஸ்.எஸ். புகையில் குரோமியமும் நிக்கலும் வேறு உண்டு, இரும்புப் புகையைவிட மோசம். புகை கிளம்பும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் வாய் வைக்கக்கூடிய உறிஞ்சு குழாய் வாங்குங்கள். ஆர்கான் வெல்டிங்கில் புகை கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், ஆனால் ஓசோன் என்ற வாயு உண்டாகும். என்95 வாயுவைத் தடுக்காது என்பதால் அங்கேயும் குழாய் வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஆள் வைத்திருந்தால், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களை இ.எஸ்.ஐ.யில் பதிந்துவிடுங்கள்.