சொந்த நிலத்துப் பனைக்கும் கலெக்டர் அனுமதி வேணுமா?

கேள்வி: அண்ணாச்சி, இராஜாக்கமங்கலம் பக்கம் எங்களுக்கு 5 சென்ட் இருக்கு. லோன் கிடைச்சு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டப் போற நேரத்துல மூலையில நிக்கிற பனை பிரச்சினையாயிட்டு. வேர் அஸ்திவாரத்தை உடைச்சிரும், ராத்திரியோட ராத்திரியா மெஷின் வாள் வச்சு அறுத்திருவோம்னு காண்ட்ராக்டர் சொல்றாரு. அத்தை வெட்டவே கூடாதுங்கிறாங்க. பட்டா எங்க பேர்லதானே, பெர்மிஷன் எதுக்கு? - ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த மெஷின் வாளை நிறுத்தச் சொல்லுங்க. 2021-ல வேளாண்மைக்குன்னு தனியா முதல் பட்ஜெட் போட்டாங்கல்லா, அதுலயே பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி கட்டாயம்னு அறிவிச்சாச்சு, அது நம்ம மாநில மரம், பட்டா உங்க பேர்ல இருந்தாலும் கேட்டுத்தான் ஆகணும். சந்தனமும் இதே மாதிரிதான், சொந்த நிலத்துல நின்னாலும் வனத்துறை கிட்ட போகணும். ஒருவேளை பனை உங்க எல்லைக்கு வெளிய புறம்போக்குல நின்னா அதுல நீங்க கை வைக்கவே முடியாது, அதுக்கு கலெக்டர் தலைமையில மாவட்டப் பசுமைக் குழு இருக்கு. அதனால முதல்ல எல்லையை அளந்துக்கிடுங்க.

மனு எழுதுறது பெரிய வேலை இல்ல. சர்வே நம்பர், பட்டா நகல், வீட்டு பிளான், மரத்தை நாலு பக்கமும் எடுத்த போட்டோ, எதுக்காக வெட்டணும்கிற காரணம், இவ்வளவையும் சேத்து திங்கக்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்ல நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கிருங்க. எழுத்துல உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் மரத்தைத் தொடக்கூடாது. மரம் சாஞ்சு வீட்டு மேலயோ ரோட்டு மேலயோ விழுற நிலையில இருந்தா அது வேற கதை, பிஎன்எஸ்எஸ்-னு சொல்ற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 152-வது பிரிவுல ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கிட்ட மனு குடுக்கலாம்.

ஆனா வேர் விஷயத்துல காண்ட்ராக்டர் சொல்றதை அப்படியே நம்பாதீங்க. பனைக்கு ஆணிவேர் கிடையாது, தென்னை மாதிரி சல்லிவேர் கொத்தா இறங்கும், அரசமர வேர் மாதிரி வருஷா வருஷம் தடிச்சு சுவரைப் பொளக்காது. பயப்பட வேண்டியது மேல இருந்து விழுற காவோலைக்கும் மட்டைக்கும்தான், கருக்கு மட்டை ஒண்ணு தோள்ல உரசினாலே ரத்தம் வந்திரும், அதுக்குப் பனையேறியைக் கூப்பிட்டு வருஷத்துக்கு ஒருக்கா கழிச்சுவிட்டாப் போதும்.

எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இப்படித்தான் அவசரப்பட்டு ரெண்டு பனையை வெட்டினாரு, அப்புறம் பிளானைப் பாத்தா காம்பவுண்டு சுவரை மூணடி உள்ள தள்ளியிருந்தா ரெண்டுமே நின்னிருக்கும். இப்பவும் அந்த வீட்டுக்குப் போனா என் கண்ணு வெட்டின அந்த அடிமரக் குத்தி மேலதான் போவுது. வேம்பை வெட்டினா அடியில துளிர்க்கும், பனைக்கு உச்சியில ஒரே ஒரு குருத்துதான், அது போனா மரம் போச்சு. புதுசா கொட்டை போட்டா வடலியாகி அக்கானி (பதநீர்) இறக்க பதினஞ்சு வருஷம் போல ஆவும், உங்க அத்தை அதைத்தான் சொல்றாங்க, அவங்க சொல்லுல நியாயம் இருக்கு.

இந்த வாரமே டேப் பிடிச்சு மரத்துக்கும் மூலைத் தூணுக்கும் எத்தனை அடின்னு அளந்து பாருங்க. நாலஞ்சு அடி கிடைச்சா வானத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு வேற ஒரு இன்ஜினியர் கிட்டயும் கேட்டுட்டு, அப்புறம் மனு எழுதுங்க.