ஒத்தை சிகரெட்டில் தொடங்கி கோர்ட் சம்மன் வரை: அல்சூர் பெட்டிக்கடைக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். பெங்களூர் அல்சூரில் 22 வருஷமாக வாடகை இடத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். சிகரெட், பீடி, பிஸ்கட், பால் பாக்கெட், சோப்பு எல்லாம் உண்டு. போன வருஷம் பின் தெருவில் ஒரு பி.யூ. காலேஜ் (நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி) வந்தது. நடந்து போனால் 150 மீட்டர் இருக்கும். போன மாதம் ஒரு ஏட்டும் இன்னொருவரும் வந்து, ஒத்தை சிகரெட் விற்றாய் என்று ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, இருந்த 30 பாக்கெட்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ரசீது தரவில்லை. அதில் 6 பாக்கெட் எச்சரிக்கைப் படம் போடாத ஃபாரின் சிகரெட், கடை கடையாக வந்து சரக்குப் போடுகிற ஒரு லைன் ஆள் கொடுத்தது. ஸ்டேஷனில் கன்னடத்தில் எழுதின ஒரு தாளிலும் ஒரு வெறும் தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது சம்மன் வந்திருக்கிறது, 6, 7, 20, 24 என்று செக்‌ஷன் போட்டிருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்கிறார்கள். காலேஜ் எனக்கு அப்புறம்தானே வந்தது? இன்னொன்று, ஜிபேயில் மாதம் மூன்றரை லட்சம் வரை வருகிறது. வரி நோட்டீஸ் வரும் என்று பயந்து இப்போது கேஷ் மட்டும் வாங்குகிறேன். சரியா? சாயந்திரம் கடையில் என் மகன் நிற்பான், 16 வயது.

பதில்: அண்ணே, வாய்தா அன்றைக்குப் போய் நின்றதும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் அந்த சம்மனில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன, அவர்கள் சின்னதை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

6-ம் 24-ம் சின்னது. 2003-ல் வந்த புகையிலைச் சட்டத்தை (கோட்பா என்பார்கள்) கர்நாடகம் திருத்தியது. 2024 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய அந்தத் திருத்தம் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 2025 மே கடைசியில் நடைமுறைக்கு வந்தது. வாங்குகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஒத்தையாக விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 மீட்டருக்குள் விற்கக் கூடாது. மீறினால் முன்பு 200 ரூபாய் வரை இருந்த அபராதம் இப்போது 1,000 வரை. இதில் ஜெயில் இல்லை, சமரசமாகக் கட்டி முடித்துக்கொள்ளவும் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

7-ம் 20-ம் அப்படி இல்லை. எச்சரிக்கைப் படம் இல்லாத பாக்கெட்டை விற்றதற்கான பிரிவு அது. விற்பவருக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் தடவை நீதிபதி அபராதத்தோடு விட்டுவிடக்கூடும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் 'ஒப்புக்கொள்' என்கிறார்கள். ஆனால் அது தண்டனையாகப் பதிவாகும். நாளைக்கு வேறு எங்கேயாவது வாங்கின பாக்கெட்டில் படம் சரியில்லை என்று இன்னொரு கேஸ் போட்டால் அது இரண்டாவது குற்றம், இரண்டு வருஷம் வரை சிறை. ஆறு பாக்கெட்டுக்காக அந்த வாசலைத் திறந்து வைக்க வேண்டாம்.

அந்த ஆறு பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் போன சில மாதங்களில் என்னிடம் வரும் பெட்டிக்கடைக்காரர்கள் எல்லோரும் அதே லைன் ஆள் கதையைத்தான் சொல்கிறார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதன் மேல் சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து ஆயிரம் எண்ணிக்கைக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை கலால் வரி. வரி கட்டின பாக்கெட்டின் விலை ஏறுகிறது, உங்களுக்கு அதில் கிடைக்கும் கமிஷன் அந்த அளவுக்கு ஏறவில்லை. வரியே கட்டாமல் கடத்தி வருகிற பாக்கெட்டில் அந்த வரிப் பணம் முழுவதும் யாரோ ஒருவருடைய லாபம், அதில் ஒரு துளியை உங்களுக்குக் காட்டித்தான் லைன் ஆள் வருகிறார். பில் தரமாட்டார், பெயர் சொல்லமாட்டார், போன் நம்பர் மாதத்துக்கு ஒன்று. கடைக்கு விலாசம் இருக்கிறது, அவருக்கு இல்லை. அதனால் சோதனை என்று வந்தால் பிடிபடுவது கடைதான். புகையிலை ஒழிய வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நானும். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் வாயைத் திறக்க முடியாத மனிதர்களோடு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அதில் இரண்டு எண்ணம் கிடையாது. ஆனால் வரியை ஏற்றினவர்கள், அந்த வரி தப்பிக்கிற வழியை எல்லையிலும் துறைமுகத்திலும் குடோனிலும் அடைக்காமல், கடைசி ஆளான உங்கள் கல்லாவில் வந்து அடைக்கிறார்கள். இது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

சிகரெட்டுக்கு 40 என்றால் பீடிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். மத்திய அரசின் 2016-17 கணக்கெடுப்பில் பெரியவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். கையில் காசு குறைந்தவர் சிகரெட்டை விட்டால் நேராகப் பீடிக்குத்தான் போவார், உங்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள்.

சரி, கேஸுக்கு வருவோம். உங்கள் பக்கம் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. இந்தச் சட்டத்தில் கடையைச் சோதனை போடவும் பாக்கெட்டைக் கைப்பற்றவும் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவருக்குத்தான் அதிகாரம். ஏட்டு தனியாக வந்து அள்ளிக்கொண்டு போக முடியாது. எடுத்ததற்கு மகஜர் (என்ன எடுத்தார்கள் என்ற பதிவுத் தாள்) எழுத வேண்டும், சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், உங்களுக்கு ஒரு காப்பி தர வேண்டும். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்) 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. வந்தவர்கள் யார், எத்தனை மணி, எந்தெந்த பிராண்ட் எத்தனை என்று உங்களுக்கு நினைவிருக்கிற எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். எதிர் கடையில் கேமரா இருக்கிறதா? பழைய பதிவு பல இடங்களில் கொஞ்ச நாளிலேயே அழிந்துவிடும், இன்னும் இருந்தால் உடனே கேட்டு வாங்குங்கள்.

முப்பதில் ஆறில்தான் படம் இல்லை. மற்ற 24 பாக்கெட்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பில் இருக்கிறதா? அந்தப் பில் இருந்தால் அவற்றைத் திருப்பிக் கேட்டு மனு போடலாம். இந்தச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி கைப்பற்றின பாக்கெட்டை 90 நாளுக்கு மேல் வைத்திருக்க மாவட்ட நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். ஒரு மாதம் ஆகிவிட்டது, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொடுத்த ஆயிரம் ரூபாய் எந்தக் கணக்கிலும் இருக்காது என்றுதான் தோன்றுகிறது. ரசீது கொடுத்து வாங்கியிருந்தால் ஒத்தை சிகரெட் விஷயம் அன்றைக்கே சமரசமாகி முடிந்தது என்று கோர்ட்டில் காட்டியிருக்கலாம். ரசீது இல்லாததால் ஒரே தப்புக்கு மறுபடியும் கட்டுகிற நிலைமை. இது உங்கள் ஒருவர் கதை இல்லை. அபராதம் 200-லிருந்து 1,000 ஆனதும் ரசீது இல்லாமல் வாங்குகிற பணமும் கூடவே ஏறிவிட்டது, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். இனிமேல் யார் வந்தாலும் 'ரசீது கொடுங்கள், கட்டுகிறேன்' என்ற ஒரே வார்த்தைதான்.

வெறும் தாளில் கையெழுத்துப் போட்டதை நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்காது. ஆனால் அந்தத் தாளை மகஜராக எழுதிக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதனால் வெறும் தாளில் கையெழுத்து வாங்கினார்கள், கன்னடத் தாளைப் படித்துக் காட்டவில்லை என்பதை இப்போதே எழுதி கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கோபமான வார்த்தை எதுவும் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

இப்போது காலேஜ் விஷயம். இதில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 22 வருஷம் முன்னால் வந்தது கடை, காலேஜ் நேற்று வந்தது என்பது நியாயமான பேச்சு, ஆனால் 'முன்பே இருந்த கடைக்கு விலக்கு' என்று இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. தூரத்தை நடந்து அளக்கவும் மாட்டார்கள். காலேஜ் காம்பவுண்டுச் சுவரின் வெளி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளப்பார்கள், வட்டம் போட்ட மாதிரி. சந்து சுற்றி 150 மீட்டர் நடக்கிற இடம் நேர்கோட்டில் 80 ஆக இருக்கலாம். மகஜரில் அளவு எழுதியிருக்கிறார்களா, எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று உங்கள் வக்கீல் பார்க்கட்டும், அளக்காமலே எழுதியிருந்தால் அது அரசுத் தரப்பின் ஓட்டை. நீங்களும் ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். 100-க்கு வெளியே என்றால் அந்த வரைபடம் உங்களுக்குக் கவசம். உள்ளே என்றால் இந்த வாரமே சிகரெட், பீடி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிஸ்கட்டும் பாலும் சோப்பும் விற்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை, கடையை மூடச் சொல்ல இதை வைத்து யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் வியாபாரத்தில் பெரும்பகுதி சிகரெட்தான் என்பது தெரிகிறது, அதனால்தான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. நீங்கள் நிறுத்தினால் அதே தெருவில் ஃபிளாஸ்கில் டீ கொண்டு வருகிற சைக்கிள்காரர் ஒத்தையாக விற்பார், அவரிடம் யாரும் மீட்டர் அளக்க மாட்டார்கள், 17 வயசுப் பையன் அவரிடம் வாங்குவான். பையன்களைக் காப்பாற்றத்தான் இந்த விதி வந்தது, அது ஒரு பெட்டிக்கடையை முடக்கிவிட்டு பையனை அதே இடத்தில் விட்டுவிடுகிறது. இருந்தாலும் கோர்ட்டில் இந்த வாதம் உங்களைக் காப்பாற்றாது.

ஒத்தை விற்பனைக்கும் இதே நிலைமை. ஒரு நாளைக்கு இரண்டு வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது பாக்கெட்டாக வாங்கி, கையில் இருக்கிறதே என்று ஐந்து பிடிக்கிறார் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நம்புகிறேன். ஆனாலும் நீங்கள் ஒத்தை விற்கக் கூடாது.

உங்கள் மகனை நாளையிலிருந்து கடையில் நிறுத்தாதீர்கள். 18 வயது ஆகாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது என்று விதி. வாங்க வருகிறவர் சின்னப் பையன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பும் உங்கள் தலையில்தான். 18-க்குக் கீழே உள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் கோட்பா மட்டும் இல்லை, 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் லைசென்ஸ் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்புங்கள், ஒரு வாடிக்கையாளர் போனால் போகட்டும்.

கேஷ் விஷயம். 2025 ஜூலையில் பெங்களூர் சின்னக் கடைக்காரர்களுக்கு யுபிஐ கணக்கை வைத்து நோட்டீஸ் வந்தபோது ஊரெல்லாம் 'நோ யுபிஐ' போர்டு தொங்கியது ஞாபகம் இருக்கும். பொருள் மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு எல்லை வருஷத்துக்கு 40 லட்சம் என்பார்கள், ஆனால் சிகரெட், பீடி மாதிரிப் புகையிலை விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை, 20 லட்சம்தான். அது லாபம் இல்லை அண்ணே, மொத்த விற்பனை. நாளுக்கு 5,500 ரூபாய் கைமாறினால் எட்டிவிடும். மாதம் மூன்றரை லட்சம் என்றால் வருஷத்துக்கு 42 லட்சம், கேஷ் சேர்த்தால் அதற்கும் மேல். சிகரெட் விலை வரியால் ஏறும்போது நீங்கள் அதே எண்ணிக்கை விற்றாலும் கணக்கில் பெரிய வியாபாரி ஆகிவிடுகிறீர்கள், வீட்டுக்குப் போகிற பணம் என்னவோ அதேதான். கேஷ் வாங்கினாலும் அது விற்பனைதான், மறைப்பதாக ஆகிவிடும், இன்னும் மோசம். யுபிஐயை மறுபடி வையுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பில்களை மாதவாரியாக அடுக்குங்கள், ஒரு ஆடிட்டரிடம் போய் பதிவு செய்வதைப் பற்றி இந்த மாதமே பேசுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் தூக்கிப் போடாமல், அதில் போட்டிருக்கிற கெடுவுக்குள் பதில் போட வேண்டும்.

வாய்தாவுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100-க்கு போன் போட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு உண்டு. போகும்போது சம்மன், வாடகை ஒப்பந்தம், டிரேட் லைசென்ஸ், டிஸ்ட்ரிபியூட்டர் பில்கள், நீங்கள் எழுதி வைத்த அந்தத் தாள், சர்வேயர் வரைபடம் இவ்வளவும் கையில் இருக்கட்டும். 6, 24-ஐ மட்டும் சமரசமாகக் கட்டிவிட்டு 7, 20-ஐ எதிர்த்து நடத்தலாமா என்று அவரிடம் முதலிலேயே கேளுங்கள், அந்தக் காலேஜ் தூரம் தெளிவாகிற வரை 6-ஐக்கூட ஒப்புக்கொள்ள வேண்டாம். லைன் ஆளின் பழைய நம்பர்கள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.