படநிறுவனங்கள் புதுமுகங்களை வெளிநாட்டில் எப்படி அறிமுகப்படுத்துகின்றன?

படம் திரைக்கு வருமுன்பே அதன் பெயரையும் நடிகரின் முகத்தையும் வேற்று நாட்டு ரசிகர்களுக்குப் பழக்கப்படுத்துவதுதான் வெளிநாட்டு விளம்பரம். காரணம் எளிது: முன்பின் தெரியாத முகத்துக்காகக் காசு கொடுத்து டிக்கெட் எடுக்க எவருக்கும் தயக்கம் இருக்கும். தீபாவளி நேரத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் கடைக்காரர் முறுக்கை உடைத்து ஒரு துண்டை நம் கையில் வைப்பாரே, அதே வேலைதான். முன்னோட்டம், பாடல், பேட்டி எல்லாம் அந்தத் துண்டுகள்.

நம் சிங்கப்பூரிலேயே அருமையான சான்று உண்டு. பாலஸ்டியர் அருகே ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ இயங்கியது. பின்னணிப் பாடகராக அங்கு வந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லீ, 1950இல் எல். கிருஷ்ணன் இயக்கத்தில் முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். அவரை உயர்த்திவிட்ட கைகளில் ஒரு தமிழரின் கையும் இருந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. ரம்லீயைப் பரவலாக அறிமுகப்படுத்த ஷா நிறுவனத்துக்குச் சொந்தத் திரையரங்குகள் இருந்தன. ஆசியத் திரைப்பட விழாவுக்கும் படங்களை அனுப்பியது. 1957இல் தோக்கியோவில் நடந்த விழாவில் ரம்லீ சிறந்த நடிகர் விருது பெற்றார்.

விருது வாங்கினால்தான் படம் வெளிநாட்டில் விலைபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு அப்பால் தனிச் சந்தையே நடக்கிறது, விருது வாங்காத படங்களின் திரையிடும் உரிமையும் அங்கே கைமாறுகிறது.