தட்டைப்பயறில் வண்டு: கேள்வி பதில்

எந்த ரகத்தில் வண்டு குறைவாக விழும் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். விதைக் கிடங்கில் இருபது வருஷம் வண்டோடு குடித்தனம் செய்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

வாழப்பாடி: சார், ஒரே நாளில் கட்டிய இரண்டு ரகத் தட்டைப்பயறு. ஒன்று பாதி மாவாகிவிட்டது, இன்னொன்று பரவாயில்லை. ஏன்?

பயறு நாலைந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவை முட்டைகள். ஒரு பெட்டை எண்பது, நூறு இடும். வழவழப்பான தோல் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம், சொரசொரப்பில் குறைவு. ஆனால் இதை மட்டும் வைத்து ரகத்தை எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். புழு முட்டைக்கு நேர் கீழே தோலைத் துளைத்து உள்ளே போகிறது, வளர்வதெல்லாம் அந்த ஒரே பயறுக்குள்தான். பருப்பு ஒத்துக்கொண்டால், 30 டிகிரி வெப்பத்தில் சுமார் நான்கு வாரத்தில் வண்டு வெளியே வந்துவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளேயே சாகும், இல்லை தாமதமாக, சின்னதாக வரும். கிடங்கில் வண்டு எதையும் தின்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்ததுதான் முட்டைக்கு மூலதனம். அதனால் நோஞ்சான் பெட்டைக்கு முட்டையும் குறைவு.

ஓமலூர்: முட்டை நிறைய இருக்கிறது, ஓட்டையே இல்லை. நல்ல ரகமா அண்ணா?

முதலில் பொரித்ததா பாருங்கள். பொரித்த முட்டை பால்வெள்ளையாக இருக்கும், புழு குடைந்த தூளை ஓட்டுக்குள் தள்ளிவிடும். பொரிக்காதது கண்ணாடி மாதிரி. பால்வெள்ளையாகி ஐம்பது நாளாகியும் ஓட்டை விழவில்லையா, தாராளமாக மார்க் போடுங்கள். ராஜ்மா அப்படித்தான்: மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை அதிலுள்ள ஒரு புரதம் கட்டிப்போட, புழு உள்ளேயே செத்துவிடும்.

ஏற்காடு: அதே விதைதான், இங்கே வண்டு குறைவு. மண் காரணமா?

குளிர்தான் காரணம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் புழு மெதுவாக வளர்கிறது. அதே விதையைச் சேலத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஆத்தூர்: வண்டே விழாத தட்டைப்பயறு உண்டா?

கிட்டத்தட்ட உண்டு. நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 1970களில் டிவியு 2027 என்ற ரகத்தைக் கண்டறிந்தது. அதில் பெரும்பாலான புழுக்கள் சாகும், தப்பியதும் தாமதமாக வரும். ஆனால் எல்லா ஊர் வண்டையும் அது ஒரே மாதிரி தடுக்கவில்லை. நம் கையில் இருக்கும் ரகத்துக்கு நன்றாகக் காயவைப்பதுதான் கவசம். பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். விதைக்கென்றால் கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் புரட்டுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: வீட்டிலேயே ரகங்களைச் சோதிக்க முடியுமா?

முடியும். ரகத்துக்கு ஒரு பாட்டில், ஐம்பது பயறு, ஐந்து ஜோடி வண்டு, வாயில் துணி. எல்லாம் ஒரே அறையில் இருக்கட்டும். பின்பக்க ஓரங்களில் கரும்பட்டை உள்ளது பெட்டை. ஐந்து நாளில் வண்டுகளை எடுத்துவிட்டு, முட்டை எத்தனை, வண்டு எத்தனை, எந்த நாளில் வந்தது என்று குறியுங்கள். வண்டை விடுவதற்கு முன் பயறை ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், ஏனென்றால் வயலில் காயிலேயே முட்டை விழுந்திருக்கும். நான் அதை விட்டுவிட்டேன். என் முதல் சோதனையில் வண்டே விடாத பாட்டிலில்தான் முதல் வண்டு வந்தது.