வட்டாரச் சுகாதாரத் தகவல் பரிமாற்றம்: பணியை எந்த நிறுவனத்திடம் ஒப்படைப்பது?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் 9 மருத்துவமனைகளும் 3 ஆய்வகங்களும் சேர்ந்து, நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு பொதுக் கட்டமைப்பை ஏற்படுத்தத் திட்டமிட்டுள்ளன. அதற்கான கூட்டுக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். 5 நிறுவனங்கள் விண்ணப்பித்திருக்கின்றன. எல்லாருடைய செயல்விளக்கமும் நன்றாகவே இருந்தது. எங்கள் கேள்விப்பட்டியலில் எல்லாரும் எல்லா வரிக்கும் ‘உண்டு’ என்றே எழுதியிருக்கிறார்கள். விலையில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: எல்லா வரிக்கும் ‘உண்டு’ என்று பதில் வந்திருக்கிறது என்றால், அந்தக் கேள்விப்பட்டியல் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். செயல்விளக்கத்தின் நிலையும் அதுதான். நிறுவனம் தானே தயாரித்த, பிழையே இல்லாத 20 கற்பனை நோயாளிகளை வைத்துக் காட்டும் திரை அழகாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? இத்தகைய கட்டமைப்பின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் திரையில் தெரியாத இரண்டு வேலைகள்: இரண்டு இடங்களில் பதிவாகியிருப்பவர் ஒரே நபர்தானா என்று கண்டறிவது ஒன்று, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருள்களிலிருந்து தகவலைப் பொருள் மாறாமல் வெளியே எடுப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உங்கள் தரவைக் கொண்டே சோதித்துப் பார்க்கும் வகையில் தேர்வு முறையை மாற்றி அமையுங்கள் என்பதே என் ஆலோசனை.

முதலில், குழுவே எடுக்க வேண்டிய ஒரு முடிவு இருக்கிறது. தகவல் முழுவதும் ஒரே மையத்தில் சேமிக்கப்படுமா, அந்தந்த மருத்துவமனையிலேயே இருந்துகொண்டு கேட்கும்போது மட்டும் வருமா, அல்லது இரண்டும் கலந்த முறையா என்பதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. 12 அமைப்புகள் ஒன்றோடொன்று நேரடியாக இணைய 66 இணைப்புகள் தேவைப்படும். நடுவே ஒரு மையம் இருந்தால் 12 போதும். ஆனால் மையத்தில் தரவைச் சேமித்தால், அதன் பாதுகாப்புக்கும் சட்டப் பொறுப்புக்கும் யார் பதில் சொல்வது என்ற கேள்வி கூடவே வரும். இந்த முடிவு எழுத்தில் இல்லாததால்கூட உங்களுக்கு வந்த விலைகள் இவ்வளவு வேறுபடலாம். ஒருவர் வீட்டுக்கும் மற்றவர் அடுக்குமாடிக்கும் விலை சொல்லியிருக்கக்கூடும்.

இனி, நோயாளியை அடையாளம் காணும் சிக்கலுக்கு வருவோம். எல்லா இடங்களிலும் ஒரே அடையாள எண் தவறாமல் பதிவாகிறது என்றால் வேலை எளிது. நடைமுறையில் அப்படி அமைவது அரிது. எனவே பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் ஒற்றுமைக்கும் ஒரு மதிப்பெண் தந்து, மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் ‘ஒரே நபர்’ என்று மென்பொருள் முடிவு செய்கிறது. 1969-இல் ஃபெல்லெகி, சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் வகுத்த கோட்பாடே இன்றும் இதற்கு அடிப்படை. இதில் இரண்டு வகைப் பிழைகள் நேரலாம். ஒருவரையே இருவராகக் கருதினால், மருத்துவருக்குப் பழைய பதிவு கிடைக்காமல் போகும். இருவரை ஒருவராகக் கருதினால், ஒருவரின் மருந்து ஒவ்வாமையும் இரத்த வகையும் இன்னொருவரின் பதிவில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது பிழை பன்மடங்கு ஆபத்தானது. வரம்பை உயர்த்தினால் முதல் பிழை கூடும், தாழ்த்தினால் இரண்டாவது கூடும் என்பதால், ‘எங்கள் துல்லியம் 99 சதவீதம்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பிழையைப் பற்றிய எண் அது, யாருடைய தரவில் அளந்தது என்று உடனே கேளுங்கள்.

சோதனையை இப்படி நடத்தலாம். உங்கள் மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து சில ஆயிரங்களைத் தேர்ந்து, அடையாளம் வெளிப்படாதபடி பெயர்களையும் எண்களையும் மாற்றி, ஆனால் அவற்றிலுள்ள பிழைகளின் இயல்பைக் கெடுக்காமல் ஒரு தொகுப்பைத் தயாரியுங்கள். எழுத்துப்பிழையுள்ள பெயர்கள், திருமணத்துக்குப் பின் மாறிய பெயர்கள், ஒரே முகவரியும் ஒரே பிறந்த தேதியும் கொண்ட இரட்டையர்கள், இன்னும் பெயரே வைக்கப்படாத பச்சிளங்குழந்தைகள், பிறந்த தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று நிரப்பப்பட்டவர்கள் ஆகியோர் அதில் கட்டாயம் இருக்கட்டும். சரியான விடை உங்களிடம் மட்டும் இருக்க, 5 நிறுவனங்களும் அதே தொகுப்பை ஒரே கால அவகாசத்தில் பொருத்திக் காட்டட்டும். நான் உடனிருந்த ஒரு தேர்வில், செயல்விளக்கத்தில் முதலிடம் பெற்ற நிறுவனம் இந்தச் சோதனையில் இரட்டையர்கள் அத்தனை பேரையும் ஒன்றாக இணைத்துவிட்டது. அதன் பிறகு அந்தக் குழுவில் விவாதமே தேவைப்படவில்லை.

தவறாக இணைத்ததைப் பிரிக்க முடியுமா என்பதையும் செய்து காட்டச் சொல்ல வேண்டும். இரு பதிவுகளை இணைக்க, மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் தரநிலையான எச்எல்7 பதிப்பு 2-இல் ஏ40 என்ற செய்தி வகை இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கையாளும். இணைந்தபின் வந்து சேர்ந்த முடிவுகளைக்கூட உரியவரிடம் திருப்பித் தந்து பிரிப்பதுதான் கடினம். ஐயத்துக்குரிய இணைகளைப் பார்த்து முடிவெடுக்கத் தனி ஊழியர்கள் வேண்டும்; அவர்கள் யாருடைய ஊழியர்கள், ஒரு நாளைக்கு எத்தனை இணைகளைப் பார்க்க முடியும் என்பதெல்லாம் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது செய்திகளின் சோதனை. ஓர் ஆய்வக முடிவு முதலில் தற்காலிக முடிவாகவும், பிறகு இறுதி முடிவாகவும், மறுநாள் திருத்தப்பட்ட முடிவாகவும் வரலாம். இந்த மூன்றையும் அனுப்பச் செய்து, மருத்துவரின் திரையில் எது தெரிகிறது, திருத்தப்பட்டது என்ற எச்சரிக்கை கண்ணில் படுகிறதா என்று கவனியுங்கள். பின்னர் இணைப்பை இரண்டு மணி நேரம் துண்டித்துவிட்டு மீண்டும் கொடுங்கள். காத்திருந்த செய்திகள் வரிசை மாறாமல் வருகின்றனவா, சில தொலைந்தனவா, சில இருமுறை பதிவாயினவா? எதிர்பாராத வடிவத்தில் ஒரு செய்தி வந்தால் அது சத்தமில்லாமல் குப்பைக்குப் போகிறதா, அல்லது யாருக்காவது எச்சரிக்கை எழுகிறதா? இவற்றுக்கு ஓர் அரைநாள் போதும். ஆண்டுக்கணக்கான அவதி மிச்சமாகும்.

பொருள் மாறாமல் வருவது என்று மேலே சொன்னதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. ஓர் ஆய்வகம் இரத்தச் சர்க்கரையை மில்லிகிராம்/டெசிலிட்டரிலும் இன்னொன்று மில்லிமோல்/லிட்டரிலும் தருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறத்தாழ 18 மடங்கு வேறுபாடு. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வரைபடத்தில் இட்டால், சாதாரணமாக இருப்பவருக்கு ஒரே நாளில் சர்க்கரை 99-இலிருந்து 5.5-க்கு வீழ்ந்துவிட்டதுபோலத் தோன்றும். பரிசோதனைகளின் உள்ளூர்ப் பெயர்களை லாயின்க் என்ற பொதுப் பரிசோதனைக் குறியீடுகளுக்கும், நோய்க்குறிப்புகளை ஸ்னோமெட் சிடி அல்லது ஐசிடி என்ற பொது மருத்துவக் குறியீடுகளுக்கும் மாற்றி அமைப்பது பெரிய உழைப்பு. ஒவ்வோர் ஆய்வகத்திலும் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும், புதியவை சேர்ந்துகொண்டே இருக்கும். இதை நிறுவனம் செய்யுமா, உங்கள் ஆய்வக வல்லுநர்கள் செய்ய வேண்டுமா என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். என் கருத்தில், செய்வது யாராயினும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் ஆய்வக மருத்துவர்தான்.

‘ஃபயர் தரநிலையை ஆதரிக்கிறோம்’ என்ற வாக்கியம் 5 விண்ணப்பங்களிலும் இருந்திருக்கும். ஃபயர் என்பது மருத்துவத் தகவலை இணையவழியில் பரிமாறிக்கொள்வதற்கான, எச்எல்7-இன் புதிய தரநிலை. அந்த வாக்கியம் மட்டும் எதையும் சொல்வதில்லை. ஆர்4 பதிப்பா, 2023-இல் வந்த ஆர்5 பதிப்பா? எந்தெந்த வகைத் தகவல்கள்? படிக்க மட்டுமா, எழுதவுமா? ஃபயர் சேவையகம் ஒவ்வொன்றும் தன்னால் என்ன முடியும் என்பதைத் தானே அறிவிக்கும் ஓர் ஆவணத்தைத் தர வேண்டும் என்பது அந்தத் தரநிலையின் விதி. உங்கள் தொழில்நுட்பர் அதைக் கேட்டு வாங்கிப் படித்தால் விண்ணப்பத்தில் உள்ளதற்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதே வேளையில், உங்கள் ஆய்வகங்களின் பழைய மென்பொருள்களுக்கு எச்எல்7 பதிப்பு 2 மட்டுமே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், புதிய தரநிலையில் மட்டும் தேர்ந்த நிறுவனம் உங்களுக்குப் பயன்படாது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் பிற்காலத்தில் பகிர எண்ணியிருந்தால் மருத்துவப் படங்களுக்கான தரநிலையான டைகாமில் உள்ள அனுபவத்தையும் விசாரியுங்கள்.

பழைய வாடிக்கையாளர்களைச் சந்திக்கச் செல்லும்போது, நிறுவனம் தரும் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். அந்த நிறுவனத்தை விட்டு விலகிய ஓர் அமைப்பையாவது தேடிப் பேசுங்கள். நிர்வாகியைவிட, அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் தன் வழக்கமான மென்பொருளிலிருந்தே ஒரே சொடுக்கில் பொதுப் பதிவைத் திறக்கிறாரா, அல்லது தனிக் கடவுச்சொல் இட வேண்டியிருப்பதால் பயன்படுத்துவதையே விட்டுவிட்டாரா என்பதை அவரிடமே கேட்பதுதான் பயன் தரும்.

விலையைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுத் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் எவ்வளவு, மருத்துவமனை தன் மென்பொருளை மாற்றும்போது அந்த இணைப்பை மறுபடி அமைக்க எவ்வளவு, பராமரிப்பு ஆண்டுதோறும் எந்த விகிதத்தில் உயரும் என்பவற்றையெல்லாம் சேர்த்து ஏழாண்டுக் கணக்காகக் கேளுங்கள். மருத்துவமனைகளின் மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் பக்கத்து இணைப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கும். இதைப் பெரும்பாலான குழுக்கள் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகின்றன. மலிவாகத் தோன்றும் விண்ணப்பம் பலமுறை இந்த இடத்தில்தான் விலை உயர்ந்ததாக மாறுகிறது.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று கருதுவது வெளியேறும் வழி. தரவு உறுப்பு நிறுவனங்களுக்கே உரியது. அடையாளம் நீக்கிய வடிவிலும்கூட நிறுவனம் அதை விற்கவோ வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தவோ கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் நோயாளிப் பொருத்தப் பட்டியலும் குறியீட்டு மாற்ற அட்டவணைகளும் தணிக்கைப் பதிவுகளும் உட்பட அனைத்தையும் பொதுவான வடிவில், குறித்த நாளுக்குள், கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும். முதலாண்டு முடிவில் ஒருமுறை இதை ஒத்திகை பார்க்கும் உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள். திறந்த மூல மென்பொருள் என்பதால் இந்தக் கவலை இல்லை என்று யாராவது சொன்னால், பலரும் இலவசமாகப் பயன்படுத்திவந்த மிர்த் கனெக்ட் என்ற இணைப்பு மென்பொருளின் புதிய பதிப்புகள் 2025-இல் கட்டண உரிமத்துக்கு மாறியதை நினைவூட்டலாம்.

பாதுகாப்பில் சான்றிதழ் இருக்கிறதா என்பதோடு, அதன் எல்லைக்குள் உங்கள் தரவு இருக்கப்போகும் சேவையகங்கள் வருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். நோயாளி ஒப்புதல் மறுத்த பதிவை உயிருக்கு ஆபத்தான நேரத்தில் திறக்க வேண்டியிருந்தால், காரணம் கேட்டு, பதிவு செய்து, பின்னர் தணிக்கைக்கு அனுப்பும் வசதியை நேரில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பம் சரியாக அமைந்தாலும் போதாது என்பதற்கு, கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா மாவட்டத்தில் 1990-களின் இறுதியில் பெரும் அறக்கொடையுடன் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் தகவல் பரிமாற்றத் திட்டம் 2006-இல் மூடப்பட்டதைச் சொல்வார்கள். தொழில்நுட்பத் தாமதமும் சட்டப் பொறுப்பு குறித்த தயக்கமும் அங்கே இருந்தன. ஆனால் கொடைப் பணம் தீர்ந்தபின் செலவை ஏற்க உறுப்பினர்களுக்குப் போதிய காரணம் தென்படவில்லை என்பது இன்னும் முக்கியமானது. ஆகவே, நிறுவனத்துக்குத் தரும் தொகையின் கணிசமான பங்கை மென்பொருள் நிறுவப்பட்ட நாளோடு இணைக்காமல், ஓடும் இணைப்புகளின் எண்ணிக்கையோடும் மருத்துவர்களின் உண்மையான பயன்பாட்டோடும் இணைத்து வையுங்கள்.

இப்போதைய நிலையில், விலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சோதனைத் தொகுப்பையும் மதிப்பெண் முறையையும் முதலில் எழுத்தில் முடிவு செய்யுங்கள். பொருத்தச் சோதனையில் குறைந்தபட்ச வரம்பைத் தொடாதவர்கள் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகட்டும். மீதமுள்ளவர்களில் இருவரைத் தேர்ந்து, ஒரு மருத்துவமனையையும் ஓர் ஆய்வகத்தையும் இணைத்து, கட்டணம் கொடுத்தே எட்டு அல்லது பத்து வார வெள்ளோட்டம் பாருங்கள். வெள்ளோட்டத்துக்கு ஒரு நிறுவனம் அனுப்பும் பொறியாளர்களே பிறகும் பணியில் இருப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். அதற்குத் தயங்குபவரிடம் ஏன் என்று விசாரித்த பிறகே விலைப் பேச்சுக்கு வரலாம்.