அப்பாவின் என்டெகாவிர் மாத்திரையை நிறுத்தலாமா?

தம்பி, ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் கிருமித் தொற்றுக்கு என்டெகாவிர் சாப்பிடும் அப்பா, உடம்பு நன்றாக இருக்கிறது, இனி கீழாநெல்லி போதும் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மருந்துக்கடையில் நிற்கிறவன் சொல்கிறேன்: நிறுத்த விடாதீர்கள். அந்த மாத்திரை கிருமியை அடக்கித்தான் வைக்கிறது, அடியோடு அழிப்பதில்லை. திடீரென்று விட்டால் கிருமி மறுபடி பெருகி, சிலருக்குக் கல்லீரல் செயலிழக்கும் அளவுக்குப் போய்விடும். கீழாநெல்லி இதற்கு மாற்று ஆகாது. எப்போது நிறுத்துவது என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறார் என்று கேளுங்கள். கொடுக்கும்போதே நாங்கள் சொல்ல வேண்டிய விஷயம் இது. கூட்ட நேரத்தில் பல கடைகளில் விட்டுப்போகிறது. என்டெகாவிரை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு. இரவு படுக்கும் நேரம் பலருக்குத் தோதாக இருக்கும். அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

அவருக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறீர்களாமே, அது வேண்டாம். கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் பரவாது, அவர் மனதுதான் நோகும். ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். அம்மாவும் நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்து, தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசியை 3 தவணையும் போட்டுக்கொள்ளுங்கள்.