எடை தூக்கிய பிறகு சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. ஆறு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு உள்ளது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாதங்களாக மாலையில் ஜிம்முக்குச் சென்று ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற கனமான பயிற்சிகளைச் செய்கிறேன். ஒரு நாள் தொடங்கும்போது 128 இருந்த சர்க்கரை, முடித்ததும் 176 ஆகிவிட்டது. அன்றிரவு இரண்டு மணிக்கு வியர்த்துக் கை நடுங்கி எழுந்து பார்த்தால் 62. வீட்டில் ஜிம்மே வேண்டாம் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த 176-ஐவிட 62-தான் எனக்குக் கவலை தருகிறது.

முழு பலத்தையும் திரட்டிப் பாரத்தைத் தூக்கும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. தசைகள் செலவழிப்பதைவிட அந்த நேரத்தில் கல்லீரல் தருவது மிகுதியாக இருப்பதால், நடைப்பயிற்சியில் இறங்கும் சர்க்கரை இங்கே ஏறுகிறது. பெரும்பாலும் சற்று நேரத்தில் அது தானாகத் தணிந்துவிடும். அந்த எண்ணைக் கண்டு பதறி இரவு உணவைத் தவிர்ப்பதோ, கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதோ கூடவே கூடாது.

பிறகு நடப்பதுதான் முக்கியம். உழைத்த தசைகள், கிளைக்கோஜன் என்னும் வடிவில் வைத்திருந்து குறைந்துபோன குளுக்கோஸ் சேமிப்பை நிரப்பிக்கொள்வதற்காக, 24 மணி நேரமும் அதற்கு மேலும்கூட இரத்தத்திலிருந்து குளுக்கோஸை வழக்கத்தைவிட எளிதாக எடுத்துக்கொள்கின்றன. எடைப் பயிற்சியின் பெரிய நன்மையே இதுதான். மெலிந்த கைகால்களும் தொந்தியுமாக இருக்கும் நம்மவர்களுக்குத் தசை என்னும் அந்தக் களஞ்சியம் பெருகுவது மிகவும் தேவை. கனடாவில் 251 பேரிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், நடை, ஓட்டம் போன்ற ஏரோபிக் பயிற்சியையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, ஏதேனும் ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அதிகமாகக் குறைந்தது. ஆனால் நீங்கள் எடுக்கும் கிளிமிபிரைடு, சர்க்கரை தாழ்ந்திருக்கும்போதும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து. இவ்விரண்டும் ஒரே இரவில் சேர்ந்ததால்தான் 62-க்கு இறங்கியிருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி நேர்வது அரிது.

ஆகவே, இரண்டு வாரம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உறங்கப் போகும் முன்னும் அளந்து குறித்துக்கொண்டு, அந்தத் தாளுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். 62 வந்த செய்தியை மட்டும் அதுவரை தள்ளிப்போடாமல் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தொடங்கும் முன் 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அந்த நேரத்தில் சாக்லேட் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் பாரம் கொடுக்காமல், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள் செய்தாலே போதும்.

கேள்வி: விழித்திரைப் பாதிப்புக்காக லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். எடை தூக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும் நிலையில் கனமான எடையைத் தூக்கக் கூடாது. மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென உயரும். மெல்லிய அந்தக் குழாய்கள் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். கண் மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்கும் வரை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதித்த பிறகும் குறைந்த எடையை, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி தூக்குங்கள். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஜிம்மில் சேரும் முன் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண் மங்காததால் பாதிப்பு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: ஜிம் பயிற்சியாளர் புரதப் பொடியும் கிரியேட்டினும் எடுக்கச் சொல்கிறார். சரியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதமும், இரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் எவ்வளவு என்று பாருங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதப் பொடி, கிரியேட்டின் இரண்டையும் தொடாதீர்கள். பாதிப்பு இல்லையென்றால் முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலானோர் தேவையான புரதத்தைப் பெறலாம். கிரியேட்டின் எடுத்தால், அடுத்த இரத்தப் பரிசோதனையின்போது மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அது கிரியேட்டினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும்.